கடைசிப் பாட்டு மட்டும் சீறுதா? கார்ட்ரிட்ஜை நீங்களே நேர் பண்ணலாம்

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். நல்லா பழக்கமான எல்பி (பெரிய ரெக்கார்டு தட்டு) ஒண்ண எடுத்து டர்ன்டேபிள்ல போட்டு முதல் பாட்ட ஒரு நிமிஷம் கேளுங்க, உடனே ஊசியத் தூக்கி அதே சைடோட கடைசிப் பாட்டுல வைங்க. சுசீலா அம்மா, ஜானகி அம்மா மாதிரி எழுத்துக்கு எழுத்து தெளிவா உச்சரிக்கிறவங்க பாட்டா இருந்தா இன்னும் நல்லது. 'ச', 'ஸ', 'ஷ' வர்ற இடத்துல மட்டும் சூடான எண்ணெய்ல தண்ணி பட்ட மாதிரி சீறுதா? முதல் பாட்டுல இல்லாத அந்தச் சீறல் லேபிள் கிட்ட போகப் போக கூடுதா? அப்படின்னா கார்ட்ரிட்ஜ், அதாவது ஆர்ம் நுனில ஊசியத் தாங்குற குட்டிப் பெட்டி, கோணலா உக்காந்திருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். முதல் பாட்டுலயே சீறுச்சுன்னா அது வேற கேஸ், ஊசி தேஞ்சிருக்கும், இல்ல நுனில தூசு உருண்டையா ஒட்டியிருக்கும், இல்ல ரெக்கார்டே போயிருக்கும். அப்பா காலத்து ரேடியோகிராம்ல தேஞ்ச ஊசியோட நூறு தடவ ஓடின தட்டுக்கு எந்த அலைன்மென்டும் வைத்தியம் கிடையாது, அதனால டெஸ்ட்டுக்கு கொஞ்சம் புதுசான, கழுவித் தொடச்ச ரெக்கார்டா எடுத்துக்குங்க.

நான் இத கத்துக்கிட்டதே கோவத்துலதான். சில வருஷம் முன்னாடி ஒரு கடைல கார்ட்ரிட்ஜ் வாங்கி, மாட்டுறதுக்கும் தனியா காசு குடுத்து, சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுக்குக் கொண்டு வந்து ஆசையா போட்டா கடைசிப் பாட்டெல்லாம் சீறுது, திரும்பப் போய் கேட்டா "பழைய ரெக்கார்டு அப்படித்தான் இருக்கும் அங்கிள்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து போன் டார்ச்ச அடிச்சுப் பாத்தா, அக்கா பையன் எட்டி பாத்துட்டு "மாமா, இது வளஞ்சில்ல இருக்கு"ங்கிறான். அவனுக்கு அப்ப ஒம்பது வயசு. அன்னிக்கு ராத்திரி ஸ்க்ரூடிரைவர் எடுத்தவன்தான், அதுக்கப்புறம் கூட்டாளிங்க வீட்டு டர்ன்டேபிளையும் சேத்து நிறைய செட் பண்ணியாச்சு. சொல்லப்போனா கஷ்டமான வேலை இல்ல, ஒரு சாயங்காலம் ஒதுக்கணும், போன சைலண்ட்ல போடணும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கை தானா சரியா போகும், அதனால கொஞ்சம் பொறுமையா இத படிங்க. ரெக்கார்ட வெட்டுற மெஷின்ல வெட்டுற ஊசி வெளிய இருந்து நடுவ பாத்து ஒரே நேர்கோட்டுல நகரும். நம்ம டர்ன்டேபிள் ஆர்ம் அப்படி நகராது, அது கதவு மாதிரி, ஒரு முனைல கீல் இருக்கு, மறுமுனை வட்டமாத்தான் சுத்தும். நேர்கோட்டுல வெட்டினத வளைவுல போற ஊசியால படிக்கிறோம், அதனால ஊசி எல்லா இடத்துலயும் பள்ளத்துக்கு நேரா நிக்க முடியாது. இத சமாளிக்க ரெண்டு வேலை பண்றாங்க. ஒண்ணு, கார்ட்ரிட்ஜ் மாட்டுற ஆர்ம் தலைய உள்பக்கமா ஏறக்குறைய 23 டிகிரி திருப்பி வைக்கிறது. ரெண்டு, ஊசி நுனிய ஸ்பிண்டில (தட்டு நடு ஓட்டைல நிக்கிற கம்பிய) தாண்டி ஒரு 15ல இருந்து 18 மி.மீ. முன்னாடி போற மாதிரி வைக்கிறது, இதுக்குப் பேருதான் ஓவர்ஹேங். ரெண்டும் சரியா அமைஞ்சா ரெக்கார்டுல ரெண்டே ரெண்டு இடத்துல பிழை சுத்தமா ஜீரோ ஆகும், மத்த இடத்துல ஒண்ணு ரெண்டு டிகிரிக்குள்ள அடங்கிடும். அந்த ரெண்டு இடத்தைத்தான் நல் பாயிண்ட்டுங்கிறாங்க. ஜீரோங்கிற அர்த்தத்துல வெள்ளைக்காரன் வச்ச பேரு, நமக்கு தமிழ்லயே 'நல்' பாயிண்ட்டா அமைஞ்சிருச்சு, மறக்கவே மறக்காது.

சரி, கோணல் ரெக்கார்டு முழுக்கத்தானே இருக்கும், கடைசிப் பாட்டு மட்டும் ஏன் அடி வாங்குது? தட்டு சுத்துற வேகம் ஒண்ணுதான், நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ஆனா ஊசிக்கு அடில ஓடுற பள்ளத்தோட வேகம் ஒண்ணு இல்ல. வெளி ஓரத்துல நொடிக்கு சுமார் 510 மி.மீ. ஓடுது, லேபிள் கிட்ட வந்தா 210 மி.மீ.தான். அதே ஒரு நொடிப் பாட்ட பாதிக்கும் கம்மியான நீளத்துல அமுக்கி எழுதியிருக்காங்க, அலை எல்லாம் நெருக்கி நெருக்கி கிடக்கு, அங்க ஊசி ஒரு டிகிரி கோணலா நின்னாலும் வெளிய ஒரு டிகிரி கோணலா நின்னத விட ரெட்டிப்புக்கு மேல தொந்தரவு. நாம பண்ணப் போற வேலை எல்லாமே இந்தக் கடைசி ரெண்டு செ.மீ.க்காகன்னு வச்சுக்கலாம்.

இப்ப நல் பாயிண்ட் எங்க வைக்கிறதுங்கிறதுல மூணு கட்சி இருக்கு. 1938ல லோஃப்கிரன் கணக்கு போட்டாரு, 1941ல பேயர்வால்ட் தனியா போட்ட கணக்கும் லோஃப்கிரனோட முதல் கணக்கும் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு, அதனால 'லோஃப்கிரன் ஏ'ன்னாலும் பேயர்வால்ட்னாலும் ஒண்ணுதான்: ஸ்பிண்டில் நடுவுல இருந்து 66ம் 120.9 மி.மீ.யும். லோஃப்கிரனோட இன்னொரு கணக்கு 'பி', அதுல 70.3ம் 116.6ம், நடுப்பகுதி சுத்தமா இருக்கும், ஆனா உள் ஓரத்துல கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். 1966ல ஸ்டீவன்சன் வந்து உள் ஓரம்தான் முக்கியம்னு ஒரு நல் பாயிண்ட்ட அங்கயே, 60.3ல போட்டுட்டாரு, இன்னொண்ணு 117.4ல. எது பெஸ்ட்டுன்னு மணிக்கணக்கா சண்டை போடுறவங்க இருக்காங்க. நான் கேக்குறது ஒரே கேள்விதான், உங்க அலமாரில என்ன இருக்கு?

ஏன்னா நம்ம வீடுகள்ல எல்பி மட்டும் இல்ல, சின்ன ஈபி தட்டுதான் கட்டு கட்டா இருக்கும், ஒரு படத்துக்கு நாலு பாட்டு, 7 இஞ்ச். சுங்கை ரோட்டு பழைய சாமான் சந்தை 2017 ஜூலைல மூடுற வரைக்கும் நான் அங்க வாங்கினதும் பெரும்பாலும் இதுதான். இந்த 7 இஞ்ச் தட்டோட பள்ளம் 54 மி.மீ. வரைக்கும் உள்ள போகலாம், அதாவது எல்பிய விட இன்னும் உள்ள. நான் 230 மி.மீ. ஆர்முக்கு கணக்குப் போட்டுப் பாத்தேன், அந்த 54ல பேயர்வால்ட் செட்டிங்ல பிழை 2 டிகிரி வருது, ஸ்டீவன்சன்ல 1 டிகிரிதான். அதனால ஈபி நிறைய கேக்குறவங்க ஸ்டீவன்சன் போடுங்க, எல்பிதான் அதிகம்னா பேயர்வால்ட் போடுங்க. ஈபி 45 வேகத்துல ஓடுறதால அங்க பள்ளத்தோட வேகம் கொஞ்சம் தேவலை, அதனால ஒண்ணும் குடி முழுகிடாது, ஆனாலும் எதாவது ஒண்ணு தேர்ந்தெடுக்கணும்ல.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வச்சிருக்கவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஹெட்ஷெல்ல (கார்ட்ரிட்ஜ் திருகியிருக்கிற தலைய) கழட்டி, ரப்பர் வாஷர் இருக்கிற பின் விளிம்புல இருந்து ஊசி நுனி வரைக்கும் 52 மி.மீ. இருக்கிற மாதிரி வச்சு, கார்ட்ரிட்ஜ ஹெட்ஷெல்லுக்கு நேரா நிறுத்தினா கம்பெனி செட்டிங் வந்துரும். அதோட நல் பாயிண்ட் சுமாரா 59லயும் 113லயும் விழுது, ஸ்டீவன்சனோட பங்காளிதான். ஈபி பிரியர்களுக்கு அதுவே போதும், ப்ரோட்ராக்டரே (நல் பாயிண்ட் குறிச்ச அளவு அட்டை) வேண்டாம்னு கூட சொல்லுவேன். அதே டெக்னிக்ஸ்ல பேயர்வால்ட் வேணும்னா ஊசி அங்கிருந்து 3 மி.மீ.க்கு கொஞ்சம் கம்மியா முன்னாடி போகணும், கார்ட்ரிட்ஜும் லேசா உள்பக்கம் திரும்பணும், ஹெட்ஷெல்லுக்கு நேரா இருக்காது, பாக்க கோணலாத்தான் இருக்கும். பயப்படாதீங்க, அது சரியான கோணல்.

சாமான் என்னென்ன வேணும்னா, பெரும்பாலானது டைசோ கடைல ரெண்டு வெள்ளிச் சொச்சத்துக்கு ஒண்ணுன்னு கிடைச்சிரும்: குட்டி ஸ்க்ரூடிரைவர் செட், மூக்கு கூரான ட்வீசர், முகம் பாக்குற சின்னக் கண்ணாடி, மாஸ்கிங் டேப். கிராம்ல நூத்துல ஒரு பங்கு காட்டுற குட்டி டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல இருபது வெள்ளிக்குள்ள கிடைக்கும், அத மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. ப்ரோட்ராக்டர் கண்ணாடில செஞ்சது வாங்கலாம், கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபி பக்கம் ஹைஃபை கடைங்க நிறைய இருக்கு, விசாரிச்சுப் பாருங்க, இல்லன்னா ஃப்ரீயா டவுன்லோடு பண்ணி பிரிண்ட் எடுக்கலாம். பிரிண்ட் எடுக்கிறதுல ஒரு வில்லங்கம் இருக்கு, பிரிண்டர் தானா பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்கிரும், 100 சதவீதம்னு செட் பண்ணிட்டு, வந்த தாள்ல இருக்கிற அளவுக் கோட்ட ஸ்கேல் வச்சு அளந்துருங்க. 100 மி.மீ. கோடு 97 இருந்தா அந்தத் தாள அப்பவே கிழிச்சுப் போடுங்க. ஸ்பிண்டில் ஓட்டைக்கு ஆபீஸ் பஞ்ச் பத்தாது, அதோட ஓட்டை 6 மி.மீ. தான், ஸ்பிண்டில் 7 மி.மீ.க்கு கொஞ்சம் மேல, அதனால பென்நைஃப்ல பாத்து பாத்து பெருசு பண்ணுங்க, லொடலொடன்னு ஆச்சுன்னா அளவெல்லாம் போச்சு. கொஞ்சம் தடிச்ச அட்டைல எடுத்தா சுருளாம கிடக்கும், நம்ம ஊர் ஈரக் காத்துல சாதா தாள் ஒரே நாள்ல அப்பளம் மாதிரி நெளிஞ்சிரும்.

இப்ப வேலைக்கு வருவோம். ஆம்ப்ளிஃபையர அணைங்க, டர்ன்டேபிள் சுவிட்சையும் அணைங்க, சீலிங் ஃபேனையும் அணைங்க. ஃபேன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். ஊசிக்கு மூடி இருந்தா அது கடைசி வரைக்கும் மாட்டியே இருக்கட்டும், ஸ்க்ரூ, வயர் வேலை முடிஞ்சப்புறம்தான் கழட்டணும், கேன்டிலீவர் (நுனில ஊசி இருக்கிற மெல்லிசுக் குச்சி) முறியறது எல்லாம் இந்த நேரத்துலதான். நான் ஒண்ணு முறிச்சிருக்கேன், முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வேலை பண்ணேன், கை பட்டன் மாட்டி இழுத்துருச்சு, இப்பெல்லாம் பனியனோடதான் உக்காருவேன்.

நாலு வயரும் நிறம் பாத்து மாட்டணும்: வெள்ளை இடது, நீலம் இடது எர்த், சிவப்பு வலது, பச்சை வலது எர்த். கார்ட்ரிட்ஜ் பின்னாடியே அதே நிறம் போட்டிருப்பாங்க. வயரப் பிடிச்சு இழுக்காதீங்க, கிளிப்ப ட்வீசரால பிடிச்சுத் தள்ளுங்க, வயர் தலைமுடி மாதிரி, பிஞ்சா சால்டரிங் வேலைதான். ஸ்க்ரூ 2.5 மி.மீ. தடிமன், ரெண்டுக்கும் நடுவுல 12.7 மி.மீ., இது ஏறக்குறைய எல்லா கார்ட்ரிட்ஜுக்கும் பொது. இங்க ஈரப்பதம் எப்படின்னு உங்களுக்கே தெரியும், சாதா இரும்பு ஸ்க்ரூ துரு புடிச்சிரும், ஸ்டெயின்லெஸ் இல்ல பித்தளை போடுங்க. எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ்னா இன்னும் கவனம், டெனான் டிஎல்-103 மாதிரி ஆளுங்களுக்குள்ள காந்தம் பலமா இருக்கும், இரும்பு ஸ்க்ரூடிரைவர் கிட்ட போனா லபக்குன்னு இழுத்துக்கும், இழுத்த வேகத்துல ஊசி மேலயே மோதும். முதல் தடவ கார்ட்ரிட்ஜ் வாங்குறவங்க கேட்டா நான் ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ இல்ல ஆர்டோஃபோன் 2எம் ரெட் தான் சொல்வேன், ரெண்டுலயும் ஸ்க்ரூ மரை கார்ட்ரிட்ஜ் உடம்புலயே இருக்கு, கீழ குட்டி நட்ட பிடிச்சுக்கிட்டு நாக்கு தள்ள வேண்டாம். ஸ்க்ரூவ நகத்தால தள்ளினா நகருற அளவுக்கு மட்டும் இறுக்குங்க.

அடுத்து எடை. ஆன்டி-ஸ்கேட்ட (என்னன்னு கடைசில சொல்றேன்) ஜீரோவுல வைங்க, இப்ப மூடியக் கழட்டுங்க, பின்னாடி கவுண்டர்வெயிட்ட திருகி ஆர்ம் தராசு முள் மாதிரி மேலயும் போகாம கீழயும் விழாம அந்தரத்துல மிதக்கிற இடத்தக் கண்டுபிடிங்க. அங்க வெயிட்ல இருக்கிற நம்பர் வளையத்த மட்டும் ஜீரோவுக்குத் திருப்பிட்டு, அப்புறம் வெயிட்டையே திருகி உங்க கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன எடைக்கு கொண்டு வாங்க. விஎம்95இ-க்கு 2 கிராம், 2எம் ரெட்டுக்கு 1.8, டிஎல்-103க்கு 2.5. எடை வைக்காம அலைன் பண்ணாதீங்க, எடை ஏறினா கேன்டிலீவர் கொஞ்சம் மேல மடங்கும், ஊசி நுனி இருக்கிற இடமே மாறிரும், பாதிப் பேர் இத விட்டுட்டு ஏன் ஒத்து வரலைன்னு மண்டைய உடைச்சுக்கிறாங்க.

இப்பதான் முக்கியமான இடம். பிளாட்டர் (சுத்துற அடித்தட்டு) மேல மேட், அது மேல கேக்காத பழைய ரெக்கார்டு ஒண்ணு, அது மேல ப்ரோட்ராக்டர், அப்பதான் உயரம் நிஜமா பாட்டு கேக்குறப்ப இருக்கிற உயரமா இருக்கும். ப்ரோட்ராக்டர்ல ரெண்டு நல் பாயிண்ட்டுக்கும் ஒரு புள்ளியும் அத சுத்தி கட்டம் கட்டமா கோடும் இருக்கும். வெளிப் புள்ளில இருந்து ஆரம்பிங்க. தட்ட கையால திருப்பி, ஊசி நுனி அந்தப் புள்ளில சரியா உக்காருற மாதிரி மெதுவா இறக்குங்க, லிஃப்ட் லீவர்லயே இறக்குங்க, பிளாட்டர் நகராம ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்குங்க. உக்காந்தப்புறம் முன்னாடி இருந்து, கண்ண தட்டு மட்டத்துக்கு கொண்டு போய், கேன்டிலீவர் அந்தக் கோட்டுக்கு நேரா இருக்கான்னு பாருங்க. ஒரு கண்ண மூடிக்குங்க. இல்லன்னா போன் கேமராவ ஜூம் பண்ணி ஒரு போட்டோ எடுத்துப் பெருசு பண்ணிப் பாருங்க, நாப்பத தாண்டினவங்களுக்கு இதுதான் நிம்மதி, எனக்கு வெறும் கண்ணுல எல்லாமே நேராத்தான் தெரியுது.

கவனிங்க, கார்ட்ரிட்ஜ் உடம்ப பாக்காதீங்க, கேன்டிலீவர பாருங்க. நிறைய பேரு பெட்டி ஓரத்த கோட்டோட ஒட்ட வச்சு முடிச்சிருவாங்க, ஆனா பள்ளத்தப் படிக்கிறது பெட்டி இல்ல, அந்த மெல்லிசுக் குச்சியும் அதோட நுனில இருக்கிற வைரமும்தான், விலை கம்மியான கார்ட்ரிட்ஜ்ல குச்சி பெட்டிக்கு ஒரு டிகிரி விலகி இருக்கிறது ரொம்ப சகஜம். பெட்டி முன்னாடி ப்ளூ-டாக் பசை வச்சு பென்சில் லெட் ஒட்டி பாக்குற டெக்னிக் ஒண்ணு உண்டு, கோணல் பெருசா தெரியும், நல்ல ஐடியாதான், ஆனா அதுவும் பெட்டியத்தான் காட்டும், அதனால முதல் கட்டத்துக்கு மட்டும் வச்சுக்குங்க.

வெளிப் புள்ளில கார்ட்ரிட்ஜ கொஞ்சம் கொஞ்சமா திருப்பி நேராக்கிட்டு, இப்ப உள் புள்ளிக்கு போங்க. நூத்துக்கு தொண்ணூறு தடவ இங்க நேரா இருக்காது. எந்தப் பக்கம் விலகுதுன்னு பாருங்க, அதுலதான் பதில் இருக்கு. மூக்கு வெளிப்பக்கமா, அதாவது ஸ்பிண்டில விட்டு விலகி திரும்பியிருந்தா, கார்ட்ரிட்ஜ் அளவுக்கு மீறி முன்னாடி இருக்கு, ஆர்ம் கீல் பக்கமா பின்னாடி இழுக்கணும். மூக்கு ஸ்பிண்டில் பக்கமா உள்ள திரும்பியிருந்தா முன்னாடி தள்ளணும். இழுக்கிறதும் தள்ளுறதும் அரை மி.மீ. கணக்குல. இழுத்துட்டா திரும்ப வெளிப் புள்ளிக்கு போய் திருப்பு, உள்ளுக்கு வந்து பாரு, இழு, திரும்ப வெளிய போ, இப்படியே அஞ்சாறு தடவ நடக்கணும், இந்தியன் டான்ஸ்ல முன்னாடி ரெண்டு அடி பின்னாடி ரெண்டு அடி மாதிரிதான், இதுல குறுக்கு வழி இல்ல. ஒவ்வொரு தடவையும் விலகல் பாதியா குறையும், குறையலன்னா நீங்க தப்பான பக்கம் தள்ளிட்டு இருக்கீங்க. ஹெட்ஷெல் ஸ்லாட்ல முழுக்க முன்னாடி போயும் பத்தலன்னா அந்த ஆர்முக்கு அந்த ஜியாமெட்ரி (பேயர்வால்டோ ஸ்டீவன்சனோ) சேராதுன்னு அர்த்தம், ரீகா கம்பெனி ஆர்ம்ல பேயர்வால்டுக்கு சிலசமயம் இந்தக் கதை நடக்கும், ஏன்னா அவங்க கணக்கே ஸ்டீவன்சன் பக்கம், அங்க கம்பெனி ப்ரோட்ராக்டரோடயே போயிருங்க.

ரெண்டு புள்ளிலயும் நேரா நின்னதும் கைய கட்டிக்கிட்டு ஒரு கோப்பி குடிச்சுட்டு வாங்க. நிஜமாத்தான் சொல்றேன், அவசரமா ஸ்க்ரூவ இறுக்கினா அந்த இறுக்குற விசைலயே கார்ட்ரிட்ஜ் திரும்பிக்கும். ஒரு பக்கம் கால் சுத்து, மறு பக்கம் கால் சுத்துன்னு மாத்தி மாத்தி இறுக்குங்க, இன்னொரு கையால பெட்டிய லேசா பிடிச்சுக்குங்க, பிளாஸ்டிக் பெட்டின்னா ரொம்ப முறுக்காதீங்க விரிசல் விட்டுரும். இறுக்கினப்புறம் ரெண்டு புள்ளியும் மறுபடி பாருங்க. விலகியிருந்தா வருத்தப்படாதீங்க, எனக்கு இன்னிக்கும் ரெண்டு தடவ தளத்தி இறுக்க வேண்டியிருக்கு.

இனி தராசு. வெயிட் வளையத்துல இருக்கிற நம்பர நம்பாதீங்க, அது ஒரு அஞ்சு பத்து சதவீதம் முன்ன பின்ன இருக்கும். தராசு தட்டு ரெக்கார்டு இருக்கிற உயரத்துலயே இருந்தா நல்லது, தடிச்ச தராசுன்னா மேட்ட எடுத்துட்டு வைங்க. இப்ப ஃபேன் விஷயம்: ஓடுற சீலிங் ஃபேனுக்கு அடில நூத்துல ஒரு கிராம் காட்டுற தராசு 1.7, 2.1, 1.85ன்னு ஆடிக்கிட்டே இருக்கும், நான் முதல் தடவ தராசு கெட்டுப் போச்சுன்னு கடைக்காரனுக்கு மெசேஜே அனுப்பிட்டேன். வேர்க்கும்தான், அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. கம்பெனி குடுத்த வரம்புல நடு, இல்ல நடுவுக்கு ஒரு சொட்டு மேல வைங்க. எடை கம்மியா வச்சா ரெக்கார்டு தேயாதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, நடக்கிறது நேர்மாறு, லேசா இருக்கிற ஊசிதான் பள்ளத்துல நிலையா நிக்காம சுவர்ல மோதி மோதி கிழிக்கும்.

ஆர்ம் உயரம் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. ஊசி ரெக்கார்டுல இருக்கிறப்ப பக்கத்துல இருந்து பாத்தா ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையா இருக்கணும், அவ்வளவுதான். 9 இஞ்ச் ஆர்ம்ல ஊசிக் கோணம் ஒரு டிகிரி மாற கீல் பக்கத்துல 4 மி.மீ. ஏத்தி இறக்கணும், அதனால பேப்பர் தடிமன் மாறினா சத்தம் மாறுதுன்னு சொல்றவங்கள பாத்து சிரிச்சுட்டு போயிருங்க. எல்லா ரெக்கார்டுலயும் உச்சஸ்தாயி கூசுற மாதிரி இருந்தா பின்பக்கத்த ஒரு மி.மீ. இறக்கிப் பாருங்க, மந்தமா இருந்தா ஏத்திப் பாருங்க.

சாய்வுக்கு அந்த டைசோ கண்ணாடி. ஆன்டி-ஸ்கேட் இன்னும் ஜீரோதானே, கண்ணாடிய தட்டு மேல வச்சு அது மேல ஊசிய மெதுவா இறக்கி முன்னாடி இருந்து பாருங்க, பெட்டியும் அதோட பிம்பமும் ஒரே நேர்கோடா இருக்கணும், நடுவுல ஒடிஞ்சு 'வி' மாதிரி தெரிஞ்சா ஹெட்ஷெல் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. கழட்டுற மாதிரி ஹெட்ஷெல்னா காலர தளத்தி லேசா திருப்பிக்கலாம். ஃபிக்ஸ்டு தலைன்னா பெரிய சாய்வா இல்லாத வரைக்கும் விட்டுருங்க, சரி பண்றேன்னு மெல்லிசுத் தகட்ட செருகி அலைன்மென்ட்ட கெடுத்தவங்கதான் அதிகம்.

கடைசியா ஆன்டி-ஸ்கேட். தலை உள்பக்கம் திரும்பியிருக்கிறதால, தட்டு சுத்துறப்ப ஊசிய அது நடுவ பாத்து இழுக்கும், அந்த இழுப்புக்கு எதிரா ஒரு சின்ன விசை குடுக்கிறதுதான் இது. ஊசி எடை எவ்வளவோ அதே நம்பர்ல ஆரம்பிங்க. பள்ளமே இல்லாத வழுவழு தட்டுல ஊசிய வச்சு அது நகராம நிக்கிற மாதிரி செட் பண்ண சொல்லுவாங்க, நான் அத பண்றதில்ல, பாட்டுப் பள்ளத்துல இருக்கிற உராய்வு வேற, வழுவழு தட்டுல இருக்கிறது வேற. காதால பண்றதுதான் எனக்கு ஒத்து வருது: ஹெட்போன மாட்டிக்கிட்டு சத்தமான, ஹை பிட்ச் பாட்டு ஒண்ணு, முடிஞ்சா மோனோ ரெக்கார்டா போடுங்க, பழைய தமிழ் ரெக்கார்டு பெரும்பாலும் மோனோதானே, இதுக்கு அது வரப்பிரசாதம். ரெண்டு காதுலயும் ஒரே குரல்தான், அதனால வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். வலது காதுல முதல்ல கரகரன்னா ஆன்டி-ஸ்கேட் பத்தல, ஊசி உள் சுவர் மேலயே சாஞ்சுக்கிட்டு வெளிச் சுவர விடுது, வெளிச் சுவர்தான் வலது சேனல். இடது காதுல முதல்ல கரகரன்னா கூடிப் போச்சு, குறைங்க.

இப்ப ஃபேன போட்டுக்குங்க. ஆரம்பத்துல டெஸ்ட் பண்ண அதே எல்பிய எடுத்து அதே கடைசிப் பாட்ட வைங்க. சீறல் முழுசா போயிருக்கணும்னு எதிர்பாக்காதீங்க, சாதா கூம்பு ஊசியோ எலிப்டிக்கல் ஊசியோ வச்சிருந்தா லேபிள் கிட்ட ஒரு சின்ன வித்தியாசம் மிச்சம் இருக்கத்தான் செய்யும், அது ஊசி நுனியோட பருமன் பிரச்சினை, கோணல் பிரச்சினை இல்ல. விஎம்95 வச்சிருக்கவங்க அதே உடம்புல மைக்ரோலீனியர் (நுனி இன்னும் மெல்லிசான) ஊசிய மட்டும் வாங்கி செருகிக்கலாம், கடைசிப் பாட்டுக்கு அது பெரிய மாத்தம், ஆனா அந்த மாதிரி ஊசி கோணலுக்கு இன்னும் கூச்சப்படும், மாத்தினதும் ரெண்டு புள்ளியையும் திரும்பப் பாக்கணும்.

ஒரு மாசம் கழிச்சு ஸ்க்ரூவ லேசா தொட்டுப் பாருங்க, எடைய ஒரு தடவ அளங்க. நான் வீட்டு டஸ்ட் கவர் உள்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி அதுல எடை, எந்த ஜியாமெட்ரி, ஊசி மாட்டின தேதி மூணையும் பேனால எழுதி வச்சிருக்கேன், எலிப்டிக்கல் ஊசிக்கு ஆடியோ-டெக்னிகா சொல்ற கணக்கு 300 மணி நேரம், தேதி இல்லன்னா எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு. பக்கத்துலயே அக்கா பையனுக்கும் ஒரு டேப்: "மாமாவக் கேக்காம ஆர்மத் தொடாதே."